வாச்சாத்தி, 1992 முதல் 2023 வரை: ஓர் ஊர் பின்வாங்காமல் நின்ற விதம்

எதற்காக இந்த ஆய்வு

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் மாதம் அரசு ஊழியர்கள் 269 பேர் அந்த ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைகளுக்காக 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் 31 ஆண்டுகள் போயின.

தீர்ப்புகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. தீர்ப்பு வரைக்கும் அந்த மக்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. சீருடையைக் கண்டு மலைக்குள் ஓடி ஒளிந்த ஓர் ஊர், அதே சீருடைக்காரர்களை நீதிபதியின் முன் அடையாளம் காட்டும் நிலைக்கு எப்படி மாறியது? அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது, அதை எது தாங்கிப் பிடித்தது, அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? களத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், இது போன்ற ஓர் ஊருக்குள் முதல் ஆளாக நுழைய நேர்கிறவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர் எதுவும் இதில் இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பது சட்டம். சட்டமே இல்லாவிட்டாலும் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

பின்னணி

வாச்சாத்தி மக்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் இந்த வட்டாரத்தில் வழங்கும் பெயர் அது. கொஞ்சம் மானாவாரி நிலம், ஆடு மாடு, கூலி வேலை, காட்டில் கிடைப்பவை என்று ஓடும் பிழைப்பு.

அந்தக் காட்டில் சந்தன மரம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் சந்தனக் கடத்தல் வடமேற்குத் தமிழகத்தில் பெரும் பணம் புரளும் தொழிலாக இருந்தது. அதன் அடிமட்டத்தில் இருந்தவர்கள், மரம் வெட்டவும் சுமக்கவும் கூலிக்குப் போன ஏழைகள். மேலே யார் இருந்தார்கள், பணம் எங்கே போனது என்பது வேறு விஷயம். தேடுதல் வேட்டை என்று வந்தால் மாட்டுவது எப்போதும் கீழே இருப்பவர்தான். அந்தக் கால அரசுக்கு வீரப்பன் விவகாரம் பெரிய தலைவலியாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காட்டோரத்து ஊர் என்றாலே சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காட்டோரத்தில் வாழ்கிறவனுக்கு வனத்துறைதான் அரசாங்கம். விறகு எடுக்க, மாடு மேய்க்க, பாதையில் நடக்க, எல்லாவற்றுக்கும் அவர்களுடைய தயவு வேண்டும். அப்படிப்பட்ட ஒரு துறைக்கு எதிராகப் புகார் கொடுப்பது என்றால் நாளைய பிழைப்பையே பணயம் வைப்பது என்று பொருள்.

1992 ஜூன் 20 முதல் 22 வரை

ஜூன் 20, சனிக்கிழமை. சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறைக் குழுவுக்கும் ஊராருக்கும் இடையே கைகலப்பு நடந்து, வனத்துறை ஊழியர் ஒருவருக்கு அடிபட்டது. அதன்பின் வந்தது பெரும்படை. வனத்துறையினர் 155 பேர், காவல் துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர். மூன்று துறைகளும் சேர்ந்தே வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு துறை அத்துமீறினால் இன்னொன்றிடம் முறையிடலாம் என்ற வழி அந்த ஊருக்கு முதல் நாளே அடைபட்டுப் போனது.

ஆண்களில் பலர் மலைக்குள் ஓடிவிட்டார்கள். வீட்டிலும் வயலிலும் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் இழுத்து வந்து, ஊரில் உள்ள பெரிய மரத்தடியில் உட்கார வைத்து அடித்தார்கள். ஒளித்து வைத்த சந்தனக்கட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, 18 பெண்களை ஏரிப் பக்கம் கூட்டிப் போனார்கள். அங்கே அவர்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். அவர்களில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண்ணும் உண்டு, கர்ப்பிணியும் உண்டு.

அன்று இரவு அரூர் வனத்துறை அலுவலகத்தில் நடந்ததாக அந்தப் பெண்கள் சொன்னவற்றில் ஒன்று இது. ஊர்க் கவுண்டரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, பெண்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, அவரை அடிக்கச் சொன்னார்கள். அடிக்காவிட்டால் இவர்களுக்கு அடி. ஊரில் ஒரு சண்டை, ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் முன்னால் நிற்கிறவர் அவர். அவரை அந்த ஊர்ப் பெண்களின் கையாலேயே அவமானப்படுத்தியதன் நோக்கம் புரிந்துகொள்ளக் கடினமானது அல்ல. இனி யாரும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. ஊர் என்று ஒன்று மிஞ்சக்கூடாது.

அடுத்த நாட்களிலும் சூறையாடல் தொடர்ந்தது. வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். தானியத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்தார்கள். கிணற்றில் எண்ணெயை ஊற்றி, செத்த விலங்குகளைப் போட்டார்கள். தேடுதலுக்கு வந்தவர்களுக்குக் கிணற்றைக் கெடுக்கும் வேலை எதற்கு? அந்த ஊரில் மறுபடி யாரும் வந்து குடியிருக்கக்கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சிறையில் இருந்த மௌனம்

கைது செய்யப்பட்டவர்கள் 133 பேர். பெண்கள் 90, குழந்தைகள் 28, ஆண்கள் 15. வழக்கு, சந்தனக் கடத்தல். எல்லாரையும் ரிமாண்டு செய்து சேலம் மத்திய சிறைக்கு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் உண்டு, மாதக்கணக்கில் இருந்தவர்களும் உண்டு.

மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட்டபோது அந்தப் பெண்கள் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே மிரட்டியிருந்தார்கள். பிற்பாடு எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இதைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையிலேயே நடந்திருந்தால் அன்றே ஏன் சொல்லவில்லை என்றார்கள்.

இந்தக் கேள்வியை இன்றைக்கும் எத்தனையோ பெண்களிடம் கேட்கிறார்கள். அதனால் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பெண்களை மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் யார்? அவர்களை அடித்த அதே துறையினர். அவர் முன்னால் நிறுத்திய பிறகு திரும்பக் கூட்டிப் போனவர்களும் அவர்களே. கூடவே குழந்தைகள் இருந்தார்கள். ஊரில் வீடு நிற்கிறதா, மலைக்கு ஓடிய புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை, சொந்தக்காரர் இல்லை. இந்த நிலையில் ஒருத்தி வாய் திறக்காமல் இருந்தால் அது அவளுடைய அறிவுக்கூர்மை. பேசுவதற்கான இடம் அது இல்லை என்று அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

ஆக, 1992 ஜூன் கடைசியில் நிலவரம் இதுதான்: ஊர் காலி. பெண்கள் சிறையில். ஆண்கள் மலையில். வெளியுலகத்துக்கு ஒரு செய்தியும் போகவில்லை.

ஊருக்குள் முதலில் வந்தவர்கள்

ஜூலை மாதம் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களுக்கு, சித்தேரி மலைப்பகுதி மக்கள் மூலமாக விஷயம் காதில் விழுந்தது. பெ. சண்முகம் உள்ளிட்டவர்கள் ஊருக்குப் போனார்கள். போன இடத்தில் ஆள் இல்லை. உடைந்த வீடுகளும் நாறிய கிணறுகளும்தான் இருந்தன. மலையில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டியிருந்தது.

வந்தவர்கள் வெளியாட்கள். அந்த மக்களுக்கு வெளியாள் என்றாலே பயம். அப்படியிருந்தும் பேச்சு தொடங்கியதற்கு, என் கணிப்பில், இரண்டு காரணங்கள். வந்தவர்கள் முன்பே அந்த மலையில் பழங்குடியினரின் சாதிச் சான்றிதழ், நிலம் போன்ற பிரச்சினைகளுக்காக வேலை செய்துகொண்டிருந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள். முற்றிலும் புதுமுகங்கள் அல்ல. அப்புறம், அவர்கள் ஒரு முறை பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போய்விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தார்கள். ஜாமீன் வேலையைப் பார்த்தார்கள். சிறையில் இருப்பவர்களை வெளியே கொண்டுவருவது, திரும்பி வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது என்ற அன்றாடக் காரியங்கள் முதலில் நடந்தன.

இந்த வரிசை முக்கியம். உண்மை அறியும் குழுக்கள் பல, ஊருக்குள் நுழைந்ததுமே நடந்ததைச் சொல்லுங்கள் என்று ஆரம்பிக்கின்றன. இருக்கவே இடமில்லாத ஒருத்தியிடம் அவள் வாழ்க்கையின் மிகக் கொடிய நாளைப் பற்றி வாக்குமூலம் கேட்பது அவளுக்குச் செய்யும் இன்னொரு கொடுமை. வாச்சாத்தியில் பெண்கள் முழுதாகப் பேசியது, ஊர் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுகூடத் தொடங்கிய பிறகுதான்.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில், எங்கே போவது என்ற கேள்வி. குற்றம் செய்தவர்களில் 108 பேர் காவல் துறையினர். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்கே மனுப் போட்டார். உயர் நீதிமன்றத்துக்குப் போகும்படி அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். அதனால் காரியம் கெட்டுவிடவில்லை. ஆட்கள் அதிகம் தெரியாத ஒரு மலையடிவார ஊரின் பெயர், நாட்டின் உச்ச நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதன்பின் அந்த ஊரை இல்லாமல் ஆக்குவது சுலபம் இல்லை.

அரசுத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. இப்படி எதுவும் நடக்கவில்லை, கடத்தல்காரர்கள் கிளப்பும் பொய் என்றார்கள். ஒரு பக்கம் அரசு, இன்னொரு பக்கம் கடத்தல் வழக்கில் சிறை போய் வந்த பழங்குடிப் பெண்கள். யார் பேச்சை நம்புவார்கள்? இந்தக் கட்டத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் விசாரணை பெரிய திருப்பமாக அமைந்தது. ஆணைய அதிகாரியாக இருந்த பாமதி நேரில் விசாரித்துக் கொடுத்த அறிக்கை, அந்த மக்கள் சொன்னதை உறுதி செய்தது. அவரும் அரசு அதிகாரிதான். அரசுக்கு உள்ளே இருந்த ஒருவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார் என்பதை இந்த வழக்கின் வரலாற்றில் குறைத்து மதிப்பிடக்கூடாது.

அடுத்தது எல்லாவற்றிலும் கடினமான முடிவு. வீடு இடித்ததையும் ஆடு மாடு போனதையும் சொல்லலாம். ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்வதா வேண்டாமா? அதை மறைத்துவிட்டு மற்றதற்கு மட்டும் வழக்கு நடத்தியிருக்கலாம். ஊருக்கு நிவாரணம் கிடைத்திருக்கும், யாருடைய கல்யாணமும் நின்றிருக்காது. பல ஊர்களில் பெரியவர்கள் அப்படித்தான் முடிவு செய்வார்கள், அதுவும் பெண்களைக் கேட்காமலே.

இங்கே பெண்கள் சொன்னார்கள். 18 பேரும் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை, சட்டத்தில் சாட்சியத்தின் பலம் என்பதையும் தாண்டி இன்னொரு வேலையைச் செய்தது. ஒருத்தி மட்டும் பேசியிருந்தால் காலமெல்லாம் அவளை அந்தப் பெயராலேயே கூப்பிட்டிருப்பார்கள். பதினெட்டுப் பேர் பேசும்போது அது ஊருக்கு நடந்த அநியாயம் ஆகிறது. ஊர் அவர்களை ஒதுக்கவில்லை. அவர்கள் குடும்பத்து ஆண்கள் நீதிமன்றம் வரைக்கும் கூட வந்தார்கள். துடைப்பத்தைக் கையில் கொடுத்து எந்த ஊரைச் சிதைக்கப் பார்த்தார்களோ, அந்த ஊர் சிதையாமல் நின்றது இங்கேதான். வழக்கு பிழைத்ததற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது முடிவு, மாநிலக் காவல் துறையின் விசாரணையை ஏற்காமல் சி.பி.ஐ. விசாரணை கேட்டது. 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு உத்தரவிட்டது. 1996-இல் 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. பாலியல் வன்கொடுமையோடு, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தது.

அடையாள அணிவகுப்பு

விசாரணையில் அடையாள அணிவகுப்பு நடந்தது. அடையாள அணிவகுப்பு என்பதைப் பேப்பரில் படிக்கும்போது ஒரு சடங்கு போலத் தோன்றும். ஆட்களை வரிசையாக நிறுத்துவார்கள். சந்தேகத்துக்கு உரியவரோடு சம்பந்தமில்லாதவர்களும் கலந்து நிற்பார்கள். சாட்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்து, இவர்தான் என்று மாஜிஸ்திரேட்டிடம் காட்ட வேண்டும்.

அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து இதை யோசித்துப் பாருங்கள். ஆண்டுகள் கழித்து, தன்னைச் சிதைத்தவனுக்கு ஓரடி தூரத்தில் நின்று, அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். அவன் இன்னும் வேலையில் இருக்கிறான். தன் ஊரை ஒட்டிய காடு இன்னும் அவனுடைய துறையின் கையில் இருக்கிறது. தவறான ஆளைக் காட்டினால் வழக்கே கெட்டுவிடும். சரியான ஆளைக் காட்டினால் அவன் விரோதி ஆவான். அப்படியிருந்தும் அடையாளம் காட்டினார்கள்.

எல்லாராலும் எல்லாரையும் காட்ட முடியவில்லை. முடியாதவர்களைப் பொய் சொன்னவர்களாக யாரும் நினைக்கக்கூடாது. கூட்டமாக வந்தவர்களின் முகங்களை, அடி வாங்கிக்கொண்டே மனதில் பதித்து வைப்பது மனிதரால் ஆகிற காரியமா? ஆனவரைக்கும் காட்டியதே பெரிய விஷயம்.

வாய்தா மேல் வாய்தா

குற்றப்பத்திரிகைக்கும் தீர்ப்புக்கும் இடையே 15 ஆண்டுகள். இந்தக் காலத்தைப் பற்றிச் செய்திகளில் மிகக் குறைவாகவே இருக்கிறது. எனக்கோ இதுதான் துணிவின் பெரும்பகுதி என்று தோன்றுகிறது.

வழக்கு கிருஷ்ணகிரி, பின்னர் தருமபுரி என்று நகர்ந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். போனால் ஒரு குற்றவாளி வரவில்லை, ஒரு வழக்கறிஞர் வரவில்லை என்று ஒத்திவைப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர் என்பதால் தாமதத்துக்குக் காரணமும் அத்தனை. சாட்சிக் கூண்டில் ஏறினால், சொல்லக் கூசும் கேள்விகளுக்கு ஆண்கள் நிறைந்த கூடத்தில் பதில் சொல்ல வேண்டும்.

இதற்குள் அந்தப் பெண்கள் பாட்டிகளாகிவிட்டார்கள். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவள் தாயானாள். எதிர்த்தரப்பில் பலர் வேலையில் தொடர்ந்தார்கள், ஓய்வு பெற்றார்கள். 54 பேர் வழக்கு முடிவதற்கு முன்பே இறந்துபோனார்கள்.

நம் நீதிமன்றங்களில் இத்தனை நீண்ட வழக்கு பெரும்பாலும் எப்படி முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்வார்கள். யாரோ ஒருவர் பணத்தோடு வருவார், யாரோ ஒருவர் மிரட்டுவார். அல்லது அலுத்துப்போய், விட்டால் போதும் என்று ஆகிவிடும். வாச்சாத்திப் பெண்கள் தங்கள் வாக்குமூலத்தில் நின்றார்கள். அதற்கு அமைப்பின் ஆதரவு காரணம், வழக்கறிஞர்களின் உழைப்பு காரணம். வாய்தாவுக்குப் பலராகச் சேர்ந்து போய்வந்ததும் காரணம் என்று நினைக்கிறேன். தனியாகப் போகிறவளை மடக்குவது எளிது.

2011 செப்டம்பர் 29

தருமபுரி முதன்மை மாவட்ட அமர்வு நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பளித்தார். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். வனத்துறையினர் 126, காவல் துறையினர் 84, வருவாய்த் துறையினர் 5. இந்திய வனப் பணி அதிகாரிகள் நான்கு பேரும் அதில் அடக்கம். பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்ட 17 பேரும் வனத்துறையினர். அவர்களில் 12 பேருக்கு 10 ஆண்டுகளும் 5 பேருக்கு 7 ஆண்டுகளும் சிறை. மற்றவர்களுக்குக் குறைந்த தண்டனைகள்.

அன்றே ஏன் சொல்லவில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. காவலில் இருந்தவர்கள் காவல் காத்தவர்களைப் பற்றிப் புகார் சொல்லத் தாமதித்தது இயல்பு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. வாச்சாத்திக்கு அப்பாலும் பயன்படுகிற பகுதி இதுவே.

மேல்முறையீடும் 2023 செப்டம்பர் 29-உம்

தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். மறுபடியும் 12 ஆண்டுகள். உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்புக்கு முன்பாக 2023 மார்ச் மாதம் வாச்சாத்திக்கே நேரில் போய் இடங்களைப் பார்த்தார். தாளில் படித்த ஏரியையும் மரத்தையும் வீடுகளையும் நீதிபதி நடந்து பார்ப்பது எப்போதாவது நடக்கிற காரியம். முப்பது ஆண்டுகளாக நீதிமன்றத்தைத் தேடிப் போன மக்களிடம் நீதிமன்றம் வந்தது.

2011 தீர்ப்பு வந்த அதே தேதியில், மேல்முறையீடுகள் அனைத்தையும் அவர் தள்ளுபடி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே அப்பாவிகள் மீது இந்த அடக்குமுறை நடந்தது என்ற கருத்தைத் தீர்ப்பில் பதிவு செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றார். அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். 18 பேரில் மூன்று பெண்கள் அதற்குள் இறந்துவிட்டார்கள். அவர்கள் பங்கைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னார்.

எது மாறியிருக்கிறது, எது மாற வேண்டும்

சட்டப் புத்தகத்தில் 1992-க்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. அரிதான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக்கூடாது என்ற விதி 2005 திருத்தத்தில் வந்தது. 2013 திருத்தத்துக்குப் பின், பாலியல் குற்றம் செய்த அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவையில்லை. இத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அதிகாரியைத் தண்டிக்கவும் அதே திருத்தம் வழி செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளுக்கென்று 2016 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. காட்டில் வாழ்கிறவனின் உரிமையை ஒப்புக்கொள்ளும் வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது.

இவை அன்று இருந்திருந்தால் வாச்சாத்தி நடந்திருக்காது என்று சொல்லமாட்டேன். அன்றைக்கும் கொலை, கொள்ளை, வன்கொடுமை எல்லாம் குற்றம்தான். செய்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் தனியாகச் சுமந்த சில சுமைகளை இன்று சட்டத்தைக் காட்டி இறக்கி வைக்கக் கேட்கலாம்.

மாற வேண்டியவற்றில் எனக்கு முதலாவதாகப் படுவது பணம். நிவாரணம் தீர்ப்புக்காகக் காத்திருக்கக்கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாக நிவாரணம் கொடுக்க விதி இருக்கிறது. ஊருக்குள் போகிற எவரும் அந்த விதியைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், முதல் தவணைக்கான மனுவை அந்த வாரமே எழுதிக் கொடுக்க வேண்டும். சாட்சி வாய்தாவுக்கு வரும் பஸ் செலவும் அன்றைய கூலியும் அவளுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியவை. பலரும் அதைக் கேட்பதே இல்லை.

இரண்டாவது, மேலதிகாரிகளின் பொறுப்பு. கீழ்நிலை ஊழியர் 1996-லேயே குற்றம் சாட்டப்பட்டார். ஆட்சியர் மீது நடவடிக்கை என்ற உத்தரவு வருவதற்கு 2023 ஆனது. புகார் எழுதும்போதே, யார் அடித்தார்கள் என்பதோடு யார் அனுப்பினார்கள், யாருக்குத் தெரிந்தும் தடுக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் அது சேராமலே போய்விடும்.

மூன்றாவது, ஆவணம். அன்று மருத்துவப் பரிசோதனை உரிய நேரத்தில் நடக்கவில்லை. அந்த இடைவெளியை எதிர்த்தரப்பு கடைசி வரைக்கும் பயன்படுத்தப் பார்த்தது. இன்று ஒவ்வொரு ஊரிலும் கைபேசி இருக்கிறது. உடைந்த வீடு, கெட்ட கிணறு, உடம்பில் உள்ள காயம், தேதியோடு படம். யாருடைய பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்ற குறிப்பு. இதை ஊர் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அரைநாள் போதும். பெண்களின் வாக்குமூலத்தை மட்டும் அப்படிப் படம் பிடிக்கக் கூடாது. அதைப் பயிற்சி பெற்ற ஒரு பெண், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒரு முறை கேட்டு எழுதட்டும். பத்துப் பேரிடம் பத்து முறை சொல்ல வைத்தால் அவளும் நொறுங்குவாள், சிறு முரண்கள் சேர்ந்து சாட்சியமும் பலவீனப்படும்.

கடைசியாக, மனநலம். 31 ஆண்டுகளில் அந்தப் பெண்கள் வழக்கறிஞர்களிடமும் அதிகாரிகளிடமும் நிருபர்களிடமும் எண்ணற்ற முறை பேசியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்க அரசு யாரையும் அனுப்பியதாக நான் படித்த எந்தப் பதிவிலும் இல்லை. இனி இப்படி ஒரு வழக்கை எடுக்கிற அமைப்பு, வழக்கறிஞருக்குச் செலவு ஒதுக்கும்போது இதற்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். முதல் வாய்தாவில் தொடங்கி, வழக்கு முடிந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு.